டிஸ்னி வேர்ல்டுக்கு மாமனார் மாமியாருடன் செல்கிறோம்: வளாகத்துக்குள் தங்குவதா, வெளியே வீடு எடுப்பதா?

மீனா (சார்லட்)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் மாதம், மகளின் பள்ளி விடுமுறையில், ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஆறு இரவுகள் தங்கும்படியாகச் செல்லவிருக்கிறோம். நானும் கணவரும், ஏழு வயது மகளும், இரண்டரை வயது மகனும், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமாவும் அத்தையுமாக மொத்தம் ஆறு பேர். அத்தைக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால் கால் மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. மாமாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு; நேரத்துக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே சாப்பிட்டாக வேண்டும். இருவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவம்.

விமானத்தில் செல்லவில்லை, இங்கிருந்து எட்டு மணி நேரப் பயணமாக எங்கள் வண்டியிலேயே செல்கிறோம். டிஸ்னி வளாகத்துக்குள் இருக்கும் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில், ஆறு பேர் தங்கக்கூடிய குடும்ப அறைத்தொகுதிக்கு இரவொன்றுக்கு 620 டாலர் காட்டுகிறது. வரியுடன் ஆறு இரவுக்கு ஏறத்தாழ 4,185 டாலர் ஆகிறது. வெளியே, கிஸ்ஸிமீ பகுதியில் நீச்சல் குளத்துடன் கூடிய நான்கு படுக்கையறை வீடு இரவுக்கு 210 டாலர்தான். துப்புரவுக் கட்டணம், இணையதளத்தின் சேவைக் கட்டணம், வரி எல்லாம் கூட்டிய பிறகு அது 1,800 டாலரைத் தொட்டாலும், இரண்டுக்கும் இடையே ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் இருக்கிறது.

பணத்தை மட்டும் பார்த்தால் வீடுதான் சரி என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் மாமாவும் அத்தையும் இந்த நாட்டுக்கு வருவது இதுவே முதல் முறை. இன்னொரு முறை இத்தனை தூரம் வர உடம்பு இடம் கொடுக்குமா என்று தெரியாது. அவர்கள் களைத்துப்போய் அறையில் படுத்திருக்க, நாங்கள் மட்டும் சுற்றிவிட்டு வருவதாக இந்தப் பயணம் முடிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் ஒரே பயணத்தில் அழைத்துச் சென்றவர்கள், எங்கே தங்கினீர்கள், அது எப்படி இருந்தது என்று விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

சீனு (தாம்பா)

சகோதரிக்கு வணக்கம். டிஸ்னி வேர்ல்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் வசிப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் பலமுறை தங்கியிருக்கிறேன். உங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்க்கும்படி சொல்வேன். உள்ளா வெளியா என்பதைவிட, படுக்கையிலிருந்து பூங்காவின் நுழைவாயிலுக்கு எந்த வழியாகச் செல்லப்போகிறீர்கள் என்பதுதான் உங்கள் அத்தையின் முழங்காலைத் தீர்மானிக்கும்.

இதற்குக் காரணம் அந்த இடத்தின் பரப்பு. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த வளாகம் ஏறத்தாழ 40 சதுர மைல். அதாவது, 2011-இல் விரிவாக்கப்படுவதற்கு முன்பிருந்த சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதிக்கும் மேல். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய நான்கு பூங்காக்களும் அதற்குள் ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தள்ளியே இருக்கின்றன. ஆகவே வளாகத்துக்குள் இருக்கும் விடுதி என்பதாலேயே அது பூங்காவை ஒட்டியிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கன்டெம்பரரி விடுதியிலிருந்து மேஜிக் கிங்டமுக்கு நடந்தே போகலாம். பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் விடுதிகளுக்கு மோனோரயில் உண்டு. ஆர்ட் ஆஃப் அனிமேஷன், பாப் செஞ்சுரி, கரீபியன் பீச், ரிவியேரா ஆகியவற்றுக்கு 2019-இல் தொடங்கப்பட்ட ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தி உண்டு. ஆல் ஸ்டார் விடுதிகள் மூன்றும் விலை குறைந்தவை; அங்கிருந்து எங்கு செல்லவும் பேருந்துதான், அல்லது உங்கள் சொந்த வண்டிதான். ஆல் ஸ்டாரில் தங்குபவரும் வெளியே தங்குபவரும் அனிமல் கிங்டமுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்காது.

மேஜிக் கிங்டம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. பூங்காவுக்கென வண்டி நிறுத்துமிடம் அதன் வாசலில் இல்லை. பூங்காவுக்கு முன்னால் உள்ள ஏரியின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர் அங்கே வண்டியை நிறுத்தி, பாதுகாப்புச் சோதனையை முடித்து, பிறகு மோனோரயிலிலோ படகிலோ ஏறி அக்கரைக்குச் செல்ல வேண்டும். வெளி விடுதிகளின் ஷட்டில் வண்டிகளும் வாடகைக் கார்களும்கூட இக்கரையிலேயே இறக்கிவிடும். வளாக விடுதிகளின் பேருந்துகளோ நேராக நுழைவாயிலுக்கு அருகில் சென்று நிற்கும். வண்டியை நிறுத்தியதிலிருந்து வாசலைத் தாண்டும் வரை முக்கால் மணி நேரம் ஒதுக்கிவைப்பது என் வழக்கம். இரவு வாணவேடிக்கை முடிந்த பிறகு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கால் வலிக்கும் பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அந்த முக்கால் மணி நேரத்தைத் திரும்பக் கடப்பது, காலையில் கடந்ததைப்போல் இருக்காது.

செலவுக் கணக்கில் விடுபட்டவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே தங்கினால் பூங்காவில் வண்டி நிறுத்த நாளொன்றுக்கு 30 டாலர் கொடுத்தேன். உள்ளே தங்குபவர்களுக்குப் பூங்காவிலும் விடுதியிலும் நிறுத்தக் கட்டணம் இல்லை. நான்கு நாளுக்கு 120 டாலரைக் கழித்தாலும் வித்தியாசம் 2,200 டாலருக்கு மேல் நிற்கிறது. அந்தத் தொகைக்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பவை மூன்று: நான்கு பூங்காக்களிலும் தினமும் பொதுமக்களுக்கு அரைமணி நேரம் முன்னதாக நுழையும் உரிமை, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் லைட்னிங் லேன் சீட்டை, வெளியே தங்குபவர்களைப்போல் மூன்று நாட்களுக்கு முன்பு என்றில்லாமல், ஏழு நாட்களுக்கு முன்பே தங்கும் நாட்கள் முழுவதற்கும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி, நடுப்பகலில் அறைக்குத் திரும்ப முடிவது. முதலிரண்டும் பெரிய ரைடுகளை நாடும் குடும்பங்களுக்குத்தான் மிகவும் பயன்படும். உங்களுக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

ராலே வாசகன்

நான் வீட்டின் பக்கம் பேச வந்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தாய் தந்தையரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, 192 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் வீடு எடுத்து ஐந்து இரவு தங்கினோம். அந்தப் பயணத்தைப் பற்றி அம்மா இன்றும் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், அதில் பூங்காவுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு அந்த வீட்டுக்குத்தான்.

முதலில் சாப்பாடு. டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளி உணவு எடுத்துச் செல்லத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. எங்கள் வீட்டில் முழுச் சமையலறை இருந்ததால், அம்மா ஐந்தரை மணிக்கே எழுந்து, நாங்கள் ராலேயிலிருந்து கொண்டுபோயிருந்த குக்கரில் சாதம் வைத்துவிடுவார். புளியோதரை, மறுநாள் எலுமிச்சைச் சாதம், தினமும் தயிர்ச்சாதம் என்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம். தயிர் புளிக்காமல் இருக்கச் சாதத்தைப் பாலில் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்து, சிறு பனிக்கட்டிப் பையில் வைத்திருந்தார். பகல் பன்னிரண்டரைக்கு நிழலான ஒரு மேசையில் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, மாங்காய்த் தொக்கைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டபோது அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். உங்கள் மாமா ஊசி போட்டுக்கொண்டு உடனே சாப்பிட வேண்டியவர் என்கிறீர்கள். உணவு வரிசையில் எத்தனை நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; கையில் டப்பா இருந்தால் அந்தப் பதற்றமே இல்லை. உள் விடுதிகளின் சாதாரண அறைகளில் குளிர்பதனப் பெட்டி இருக்கும், சமைக்க அனுமதி இல்லை. நீங்கள் பார்த்திருக்கும் குடும்பத் தொகுதியில் மைக்ரோவேவ் உண்டு. ஆனால் அடுப்பு கிடையாது.

அடுத்தது, பெரியவர்களுக்குத் தினமும் பூங்கா வேண்டியதில்லை. ஐந்து நாளில் அம்மாவும் அப்பாவும் இரண்டு நாள்தான் வந்தார்கள். மற்ற நாட்களில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், துணி துவைத்து உலர்த்தினார்கள், மாலையில் குடியிருப்புக்குள்ளேயே காலாற நடந்தார்கள். ஒரே அறைக்குள் நாள் முழுவதும் அடைபட்டிருந்தால் இந்த நிம்மதி கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அவர்களுக்கு அந்த நாட்களில் நுழைவுச்சீட்டும் வாங்க வேண்டியதில்லை என்பதால், அதிலும் கணிசமான பணம் மிச்சமாகிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் ‘டிஸ்னிக்குப் பத்து நிமிடம்’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிடம், டிஸ்னி எல்லையில் சாலைக்கு மேல் நிற்கும் வரவேற்பு வளைவு வரைக்கும்தான். மேஜிக் கிங்டம் நிறுத்துமிடத்துக்கு நெரிசலான காலை நேரத்தில் அரைமணி நேரம் பிடித்தது. பதிவு செய்வதற்கு முன், வீட்டிலிருந்து ஒவ்வொரு பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்துக்கும், காலை எட்டு மணிக்கு என்று குறித்து, வரைபடச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். குளத்து நீரைச் சூடாக்கத் தனிக் கட்டணம் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டரை வயதுப் பிள்ளை இருப்பதால் இன்னொன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கட்டப்பட்ட வீட்டுக் குளங்களுக்குத் தடுப்பு வேலி, கதவில் ஒலிக்கும் அலாரம் போன்ற ஏதாவது ஒரு காப்பு இருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடாவின் சட்டம். எங்கள் வீட்டில் அலாரம் இருந்தது. விடியற்காலையில் காபித் தம்ளருடன் அப்பா கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதெல்லாம் அது வீடே அதிரும்படி அலறும். இரண்டாம் நாள் அதை அணைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே, யாரும் கவனிக்காத ஒரு நிமிடத்தில் என் சின்னவன் அந்தக் கதவைத் திறந்தான். அலாரம்தான் எங்களை ஓடிவர வைத்தது. ஆகவே அலாரம் மட்டும் போதாது, கழற்றி மாட்டக்கூடிய வலை வேலியும் உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள்.

கோமதி (நியூ ஜெர்சி)

ராலே வாசகன் எழுதியதை முழு மனத்துடன் படித்தேன். கட்டுச்சோறு விஷயத்தில் அவர் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனாலும் முழங்கால் வலி உள்ள ஒருவரை நாள் முழுக்க வெளியே வைத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை நான் வேறு விதமாகக் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை அம்மாவை அழைத்துச் சென்றபோது, ‘இலவச ஷட்டில்’ உண்டு என்று நம்பி வெளியே ஒரு விடுதியில் தங்கினோம். அந்த வண்டி காலையில் ஒரு முறை போகும், இரவில் ஒரு முறை திரும்பும். இடையில் எதுவும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. படுக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். எப்போதும் அப்படிச் சொல்கிறவர் இல்லை. வாடகைக் கார் நிற்குமிடத்துக்குப் போகவே மோனோரயிலில் ஏறி இக்கரைக்கு வர வேண்டியிருந்தது. அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. அன்று மாலை மீண்டும் கிளம்ப அவருக்குத் தெம்பு இல்லை.

அடுத்த முறை, அக்காவின் குடும்பத்துடன் சென்றபோது, பாப் செஞ்சுரி விடுதியில் அடுத்தடுத்த இரண்டு அறைகள் எடுத்தோம். சின்ன அறைதான், இரண்டு பெட்டிகளை விரித்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. ஆனால் ஸ்கைலைனர் நிலையம் ஏரிக்கு நடுவில் பாலத்தின் மேல் இருந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கென்று அங்கே தனியாக ஒரு தடம் உண்டு. ஊர்தியின் பெட்டி அந்தத் தடத்தில் வந்து முழுதாக நிற்கும். பணியாளர் சாய்வுப் பலகையைப் போட, நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலேயே அம்மா உள்ளே போனார். மற்றவர்கள் நகரும் பெட்டியில் ஏறிக்கொண்டிருக்க, எங்கள் பெட்டி மட்டும் அசையாமல் காத்திருந்தது. கதவு மூடியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மரங்களுக்கு மேலே ஏறியதும் விட்டுவிட்டார். குழந்தையின் தள்ளுவண்டியான ஸ்ட்ரோலரையும் மடிக்க வேண்டியதில்லை. பேருந்தில் அதை மடித்தாக வேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்பி, பைகளைக் கழற்றி, நெரிசலில் ஒரு கையால் மடிக்கும் சிரமம் தாய்மார்களுக்குத் தெரியும்.

அந்தப் பயணத்தில் தினமும் காலையில் சீக்கிரம் போய், பன்னிரண்டு மணிக்கு அறைக்கு வந்து, சாப்பிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, குழந்தையும் அம்மாவும் இரண்டு மணி நேரம் உறங்கிய பிறகு, ஐந்து மணிக்கு மறுபடியும் போனோம். எப்காட்டில் இரவு விளக்கலங்காரத்தைப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பும்போதும் அம்மாவுக்குப் பேசத் தெம்பு இருந்தது.

ஸ்கைலைனர் பற்றி ஒன்று: அருகில் மின்னல் இருந்தால் அதை நிறுத்திவிடுவார்கள். கோடையில் பிற்பகல் இடிமழை அங்கே வழக்கமானது; ஏப்ரலில் அந்தத் தொல்லை குறைவு. மேலும் அது எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் மட்டும்தான் செல்லும். பூங்காவில் வாடகைக்கு எடுக்கும் சக்கர நாற்காலியை வெளியே கொண்டுவர முடியாது என்பதால், மடக்கு நாற்காலி ஒன்றை உங்கள் வண்டியிலேயே கொண்டு செல்லுங்கள்.

மீனா (சார்லட்)

நீங்கள் மூவரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு இவற்றையெல்லாம் மாமாவுக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். கட்டுச்சோறு என்றதும் அத்தைக்கு நிம்மதி வந்துவிட்டது. அந்த ஊரில் நான்கு வேளையும் ரொட்டி தின்ன வேண்டுமோ என்று இத்தனை நாள் மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறார். மாமாவோ, ‘கம்பியில் போகிறதே, அதில் ஒரு தடவையாவது ஏற வேண்டும்’ என்கிறார்.

இப்போது குழப்பம் கூடியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. நான்கு இரவு வீடும் இரண்டு இரவு வளாக விடுதியுமாகப் பிரித்துக்கொண்டால் எப்படி? இடையில் மூட்டை முடிச்சுகளுடன் இடம் மாறுவது பெரியவர்களுக்குத் தொல்லையாகிவிடுமா? பூங்காவுக்குள் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வழியுண்டா? ஆர்லாண்டோவிலேயே இருக்கும் இன்னொரு கேளிக்கைப் பூங்கா வளாகமான யுனிவர்சலுக்கும் ஒரு நாள் போகலாமா என்று கணவர் கேட்கிறார். அதற்கும் தங்குமிடத்துக்கும் தொடர்பு உண்டா?

சீனு (தாம்பா)

பிரித்துத் தங்குவதுதான் உங்களுக்கு மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு வலுவான காரணமும் இருக்கிறது. வளாக விடுதியில் தங்குபவர்களுக்கான முன்கூட்டிய நுழைவு, வந்து சேரும் நாளிலும் உண்டு, காலி செய்யும் நாளிலும் உண்டு. அதாவது இரண்டு இரவுக்குப் பணம் கொடுத்து மூன்று நாட்களுக்கு அந்த உரிமையைப் பெறலாம். வந்து சேரும் நாளில் அறை தயாராகப் பிற்பகல் மூன்று மணி ஆகலாம். ஆனால் காலையிலேயே விடுதியில் வண்டியை நிறுத்தி, பெட்டிகளை அங்கே ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்தே பூங்காவுக்குப் போகலாம்.

ஆகவே வீட்டை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் வண்டியில் வந்த களைப்பு தீர மறுநாள் முழுவதும் வீட்டிலேயே இருங்கள். அடுத்த நாள் அனிமல் கிங்டமுக்கு வீட்டிலிருந்தே செல்லலாம். வண்டி நிறுத்துமிடம் வாசலுக்கு எதிரிலேயே இருப்பதால் வெளியே தங்கியதன் இழப்பு அங்கே குறைவு. கிலிமஞ்சாரோ சஃபாரியில் உட்கார்ந்தபடியே விலங்குகளைப் பார்க்கலாம் என்பதால் பெரியவர்களுக்கு மிகவும் உகந்த பூங்காவும் அதுதான். இன்னொரு நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் காலையில் பாப் செஞ்சுரிக்கு மாறி, அன்று எப்காட், மறுநாள் மேஜிக் கிங்டம், கடைசி நாள் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று வைத்துக்கொண்டால், முக்கால் மணி நேரச் சுற்றுவழி உள்ள மேஜிக் கிங்டம் நாளில் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். பேருந்து உங்களை வாசலிலேயே இறக்கும். லைட்னிங் லேன் சீட்டையும் இந்த மூன்று நாட்களுக்கும் ஏழு நாட்களுக்கு முன்பே ஒரே அமர்வில் பதிவு செய்துவிடலாம்.

வீடு நான்கு இரவுக்கு எல்லாம் சேர்த்து 1,300 டாலர், பாப் செஞ்சுரியில் இரண்டு அறைகள் இரண்டு இரவுக்கு வரியுடன் 1,150 டாலர் என்று கொண்டால் 2,450 டாலர் ஆகும். அறைக் கணக்கில் மூன்று வயது நிரம்பாத குழந்தை சேராது. ஆகையால் ஆறு பேரையும் ஒரே அறையில் அடக்கும் வழியைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடு என்ற வளாக விடுதியில் ஐந்து பேர் அறைகள் உண்டுதான். மாமனார் மாமியாருடன் ஒற்றைக் குளியலறையில் காலை ஏழு மணிக்குள் ஆறு பேரும் தயாராவது எப்படி என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மகனுக்குப் பூங்கா நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை.

இன்சுலினைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் இருக்கிறது. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தை அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே குழந்தைப் பராமரிப்பு மையமும் இருக்கும். அமைதியான, குளிரூட்டப்பட்ட இடம். மகனுக்கு உணவூட்டவும் உடை மாற்றவும் மிகவும் உதவும்.

விக்னேஷ் (ஆர்லாண்டோ)

யுனிவர்சல் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அங்கே வளாக விடுதியின் பொருள் வேறு. போர்ட்டஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று உயர்விலை விடுதிகளில் தங்குபவர்களுக்கு, பழைய இரண்டு பூங்காக்களில் வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் அனுமதி அறை வாடகையிலேயே அடக்கம். 2025 மே 22 அன்று திறக்கப்பட்ட எபிக் யுனிவர்ஸ் பூங்காவுக்கு அது செல்லாது. வேகமான ரைடுகளில் நாள் முழுவதும் ஏறி இறங்கும் இளைஞர்களுக்கு அந்த வாடகை தகும். உங்கள் குழுவில் அப்படி ஏறக்கூடியவர் நீங்களும் உங்கள் கணவரும்தான். ஆகவே இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வீட்டிலிருக்கும் ஓய்வு நாளில், பெரியவர்களுக்கு ஆவல் இருந்தால், காசல்பெரியில் உள்ள கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். நகரின் வடக்கே இருப்பதால் ஐ-4 சாலையின் மாலை நெரிசலுக்கு முன் திரும்பிவிட வேண்டும்.

கோமதி (நியூ ஜெர்சி)

இடம் மாறும் தொல்லை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாறும் நாளுக்கு முந்தைய இரவே இரண்டு சிறிய பெட்டிகளைத் தனியாக எடுத்துவையுங்கள்: பெரியவர்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. இரண்டு இரவுக்கு வேண்டிய துணியும் மருந்தும் மட்டும் அதில் இருக்கட்டும். மற்றவை வண்டியின் பின்புறத்திலேயே கிடக்கட்டும். குக்கர், மளிகைச் சாமான் எதுவும் விடுதி அறைக்குள் போக வேண்டாம். வீட்டைக் காலி செய்யும் காலையில் அத்தை சமைப்பது எளிதல்ல என்பதால், முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் கிளறி வைத்துவிட்டால், இரண்டு நாளுக்குக் கெடாது. விடுதியின் பொது உணவுக்கூடத்தில் மைக்ரோவேவ் இருக்கும். கடையில் கிடைக்கும் மைக்ரோவேவ் சாதப் பொட்டலத்தைச் சூடாக்கிக் கலந்துகொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அனிமல் கிங்டம் நாளன்று, பூங்காவிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜுக்குச் சென்று, அங்குள்ள சனா உணவகத்தில் மதிய உணவு சாப்பிடுங்கள். ‘நான்’ முதலிய ரொட்டி வகைகளும் ஒன்பது தொடுகறிகளும் கொண்ட ஒரு தட்டு அங்கே பெயர் பெற்றது. அவற்றில் முட்டை, இறைச்சி சேராதவை எவை என்று பரிமாறுபவரிடம் கேட்டால் சொல்வார்கள். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே தங்காதவர்களும் சாப்பிடலாம். அறுபது நாட்களுக்கு முன்பிருந்தே மேசையைப் பதிவு செய்யலாம்.

மீனா (சார்லட்)

முடிவு செய்துவிட்டோம். நான்கு இரவு வீடும், அதன் பிறகு பாப் செஞ்சுரியில் இடைக்கதவு உள்ள இரண்டு அறைகளுமாக ஏற்பாடு. இடைக்கதவை விடுதியால் உறுதியளிக்க முடியாது, வேண்டுகோளாகக் குறித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொண்டேன். குழந்தையும் முதியவர்களும் இருப்பதை அதில் எழுதியிருக்கிறேன். அறையை மட்டும் பதிவு செய்தால் ரத்து செய்ய வருகைக்குச் சில நாட்கள் முன்பு வரை அவகாசம் இருக்கிறது. சீட்டுகளையும் சேர்த்துப் பொதியாக எடுத்தால் முப்பது நாட்களுக்கு முன்பே முடிவு சொல்லிவிட வேண்டும். மாமாவின் உடல்நிலையை நினைத்து அறையை மட்டும் தனியாக எடுத்தோம்.

வீடு தேடும்போது, வலை வேலி இல்லாத மூன்று வீடுகளை, வாடகை குறைவாக இருந்தும், ஒதுக்கிவிட்டேன். நான்காவதாகக் கிடைத்த வீட்டின் உரிமையாளர், வேலியை மாட்டிய நிலையில் குளத்தைப் படமெடுத்து அனுப்பினார். கீழ்த்தளத்தில் குளியலறையுடன் ஒரு படுக்கையறை இருக்கிறதா என்றும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அத்தை மாடிப்படி ஏற வேண்டியதில்லை.

மேஜிக் கிங்டம் நாளில் அரைமணி முன்கூட்டிய நுழைவை வீணாக்க வேண்டாம் என்று மகளும் கணவரும் முதல் பேருந்தில் போய்விடுவதாக இருக்கிறார்கள். நானும் மகனும் பெரியவர்களும் பத்து மணிக்கு, காலை உணவை முடித்துக்கொண்டு, நிதானமாகப் போவோம். சனாவில் மேசை பதிவு செய்யும் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் அத்தையே வட்டமிட்டு வைத்திருக்கிறார்.